கன அடிக் கணக்கில் ஒரு நாற்காலி

ராமநாதபுரம், கீழக்கரை, மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம் என்று எந்த ஊரை எடுத்துக்கொண்டாலும், பழைய வீடு ஒன்று இடிபடும்போதோ பாகப்பிரிவினைக்கு வரும்போதோ அங்கே கிடக்கும் மரச்சாமான்களைப் பார்த்து மூன்று கேள்விகள்தாம் கேட்கப்படுகின்றன. தேக்கா? தேக்கென்றால் பர்மாவா? நூறு வருஷம் ஆகிவிட்டதா? மூன்றுக்கும் ஆமென்று பதில் வந்தால் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழஞ்சாமான் கடைகளுக்குச் சொல்லியனுப்புவார்கள். ஒன்றுக்கு இல்லையென்று வந்தாலும் சாமான் விறகுக்கும் பழைய இரும்புக் கடைக்கும் நடுவில் எங்கோ விழும். இந்த மூன்று கேள்விகளும் கேட்பதற்கு அனுபவ ஞானம் போலத்தான் இருக்கின்றன. விற்பவர், வாங்குபவர், நடுவில் நிற்கும் தரகர் மூவரும் ஒத்துக்கொண்ட அளவுகோல் என்பதால் யாரும் அதைச் சோதித்துப் பார்ப்பதில்லை. சோதித்தால் மூன்றுமே நிற்கா. முதல் கேள்வி சாமானைப் பற்றியதல்ல, மரத்தைப் பற்றியது. இரண்டாவதற்குப் பெரும்பாலும் விடை கிடையாது. மூன்றாவது, சட்டத்தில் வேறொரு காரியத்துக்காக எழுதப்பட்ட ஓர் எண்ணைக் கடன் வாங்கிக் கேட்கப்படுவது. இந்த அளவுகோலால் அதிகம் அடிபட்டவை 1940 முதல் 1975 வரையிலான சாமான்கள். பழமை என்று கொண்டாட வயது போதாமலும், புழங்குவதற்குப் புதுமை போதாமலும் அவை முதலில் கழிக்கப்படுகின்றன. அவற்றுக்காக வாதாடவே இந்தக் கட்டுரை.

பர்மாவில் தொடங்கலாம், ஏனென்றால் இந்த வட்டாரத்தில் அது ஒரு நம்பிக்கையாகவே ஆகிவிட்டது. அதற்கு வரலாற்றுக் காரணம் இருப்பதை மறுக்கவில்லை. 1985 வரை இன்றைய சிவகங்கையும் விருதுநகரும் ராமநாதபுரம் மாவட்டத்துக்குள்தான் இருந்தன. செட்டிநாட்டு வீடுகளின் தூண்களும் உத்திரங்களும் பர்மாவிலிருந்து கப்பலில் வந்தவை என்பது ஊரறிந்த செய்தி. கீழக்கரை மரைக்காயர்களின் கடல் வணிகத்துக்கும் வங்கக்கடலின் கிழக்குக் கரைத் துறைமுகங்களோடு நெடிய உறவு உண்டு. ஆனால் 1937இல் பர்மா இந்திய நிர்வாகத்திலிருந்து பிரிந்தது. 1942இல் ஜப்பானியப் படை உள்ளே வந்தபோது லட்சக்கணக்கான இந்தியர்கள் கால்நடையாகவும் கப்பலிலும் தப்பி ஓடினார்கள். போர்க்காலத்தில் மர வரத்து அறுந்தது. 1948இல் நாடு விடுதலை பெற்றபின் மர வணிகம் அரசின் கைக்குப் போனது. 1962இல் ராணுவ ஆட்சி வந்தபின் எஞ்சியிருந்த இந்திய வணிகர்களும் வெளியேற நேர்ந்தது. ஆகவே 1955இல் ராமநாதபுரத்துத் தச்சர் ஒருவர் செய்த மேசையைப் பர்மாத் தேக்கு என்று ஒருவர் சொன்னால், அந்த மரம் எப்போது எப்படி வந்தது என்று கேட்பது நியாயம். பழைய வீட்டின் உத்திரத்தை அறுத்துச் செய்திருக்கலாம், கிடங்கில் கிடந்த மரமாக இருக்கலாம், இறக்குமதி மரமாகவும் இருக்கலாம். எதுவானாலும் அதற்குச் சான்று வேண்டும். சான்று சாமானில் கிடைக்காது. பர்மாத் தேக்கும் ஆனைமலைத் தேக்கும் நிலம்பூர்த் தேக்கும் தாவரவியலில் ஒரே இனம். வரிகள் நெருக்கமாக இருந்தால் மரம் மெதுவாக வளர்ந்தது என்று தெரியும். அகலமாக இருந்தால் வேகமாக வளர்ந்தது என்று தெரியும். எந்த நாட்டு மண்ணில் வளர்ந்தது என்று மேசையின் மேற்பலகையைத் தடவிப் பார்த்துச் சொல்லும் கண் யாருக்கும் இல்லை. பர்மா என்ற பெயருக்குக் கூட்டிக் கொடுக்கப்படும் விலை, கதைக்குக் கொடுக்கும் விலை.

இந்தக் கதை இன்னொரு அநியாயத்தையும் செய்கிறது. தேக்கல்லாத எல்லாவற்றையும் அது ஒரே வரியில் தள்ளிவிடுகிறது. இந்தக் கரையின் சொந்த மரம் என்று சொன்னால் பனையும் பூவரசும் வேம்பும் வாகையும்தான். வைரம் பாய்ந்த பூவரசில் செய்த பெஞ்ச் உப்புக் காற்றில் இரண்டு தலைமுறை நின்றிருக்கிறதென்றால் மரத்தேர்விலும் வேலையிலும் ஏதோ சரியாக நடந்திருக்கிறது என்று பொருள். ஆனால் 'தேக்கா?' என்ற கேள்விக்கு இல்லை என்று பதில் சொன்ன கணத்தில் அந்த பெஞ்சின் விலை சுழியத்துக்கு வருகிறது. இலங்கை முதிரை மரத்திலும் பலாவிலும் செய்த பெட்டிகளுக்கும் இதே கதிதான், பெயர் தெரியாத காரணத்தால். மரமே இல்லாத சாமானுக்கு இந்த அளவுகோலில் இடமே கிடையாது. அறுபதுகளின் இரும்புப் பீரோ, குழாய்க்கால் நாற்காலி, பிரம்பு சோபா ஆகியவை அந்தக் காலத்து நடுத்தர வீட்டின் அடையாளம். அவை கிலோ கணக்கில் போகின்றன.

மரத்தின் விலைதானே உறுதியானது, மற்றதெல்லாம் ரசனை, ரசனையை நம்பி விலை போட முடியுமா என்று கேட்பவர்கள் உண்டு. இது வலுவான கேள்வி என்பதால் கணக்காகவே பதில் சொல்ல வேண்டும். காய்ந்த தேக்கு ஒரு கன அடி ஏறக்குறைய பதினெட்டு, பத்தொன்பது கிலோ எடை இருக்கும். கைப்பிடியில்லாத சாதாரண நாற்காலி ஐந்தாறு கிலோ. அதாவது ஒரு நாற்காலிக்குள் இருப்பது கன அடியில் மூன்றில் ஒரு பங்கு மரம். அந்த மூன்றில் ஒரு பங்கும் முழுப் பலகையாக இல்லை. கால், குறுக்குச்சட்டம், முதுகுப்பட்டை என்று சிறு துண்டுகளாக, துளை போட்டும் ஆணி இறக்கியும் இருக்கிறது. பிரித்தெடுத்து மறுபடி இழைத்தால் பாதி தேறினால் பெரிது. எனவே மரமாகப் பார்த்தால் அந்த நாற்காலியின் மதிப்பு ஒரு கன அடி விலையில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் இல்லை. அதே நாற்காலியை அதே சாய்வோடும் இணைப்போடும் இன்று செய்யச் சொன்னால் தேர்ந்த தச்சர் ஒருவருக்குப் பல நாள் கூலி கொடுக்க வேண்டும். பிரம்பு பின்ன இன்னொருவரைத் தேட வேண்டும். அவர் கிடைப்பதே பாடு. கூலியும் திறமையும் சேர்ந்த தொகையின் முன்னால் மர விலை சில்லறை. உறுதியான அளவு என்று நினைத்துப் பிடித்துக்கொண்டது, சாமானின் மதிப்பில் ஆகச் சிறிய பங்கு. உத்திரத்துக்கும் தூணுக்கும் கதவு நிலைக்கும் கன அடிக் கணக்கு பொருந்தும். அறுத்தால் வேறொன்றாகும் மரம் அது. நாற்காலியை அரிசி போல அளந்து விற்பவர் நஷ்டப்படுவது தன் சம்மதத்தோடுதான்.

அடுத்து நூறு வருஷம். இந்த எண் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைச்செல்வங்கள் சட்டத்திலிருந்து வந்து ஊரெல்லாம் பரவியது. நூறாண்டுக்குக் குறையாத சிற்பம், ஓவியம், கைவினைப் பொருள் போன்றவற்றைத் தொல்பொருள் என்கிறது அந்தச் சட்டம். கையெழுத்துப் பிரதிகளுக்கு எழுபத்தைந்து ஆண்டு போதும். சட்டத்தின் நோக்கம் கடத்தலைத் தடுப்பது, பதிவு செய்வது, ஏற்றுமதியைக் கட்டுப்படுத்துவது. எது மதிப்புள்ளது, எது இல்லாதது என்று தீர்ப்பு சொல்வதற்காக அந்தக் கோடு போடப்படவில்லை. அப்படி எடுத்துக்கொண்டால் 1950இல் செய்த மேசை 2050 வரை காத்திருக்க வேண்டும். கரையானும் மரவண்டும் துருவும் பாகப்பிரிவினையும் அதுவரை காத்திருக்கப்போவதில்லை. நூறு வருஷத்தை எட்டாததால் ஒன்றுமில்லை என்று நினைத்ததன் விலையை இந்தியாவில் ஓர் ஊர் ஏற்கெனவே கொடுத்திருக்கிறது. சண்டிகர் நகரம் எழுந்தபோது அதன் அலுவலகங்களுக்கும் பல்கலைக்கழகத்துக்கும் உயர்நீதிமன்றத்துக்கும் வேண்டிய நாற்காலி, மேசை, அலமாரிகளை லெ கொர்பூசியேவின் ஒன்றுவிட்ட சகோதரர் பியர் ழான்னரேயும் அவரோடு வேலை செய்த இந்தியக் கட்டடக் கலைஞர்களும் வரைந்தார்கள். உள்ளூர்ப் பட்டறைகளில் தச்சர்கள் செய்தார்கள். தேக்குச் சட்டம், பிரம்பு இருக்கை, கவராயம்போல விரிந்த கால்கள். பிரம்பு பிய்ந்ததும் அரசு அலுவலகங்கள் அவற்றை மொட்டை மாடியில் குவித்தன, கழிவு ஏலத்தில் விற்றன. தொண்ணூறுகளின் கடைசியிலிருந்து பாரிஸ் வணிகர்கள் வந்து வாங்கிப்போனார்கள். பிறகு அவை ஐரோப்பிய, அமெரிக்க ஏலங்களில் லட்சக்கணக்கில் விலைபோனபோது ஊர் விழித்தது. 2011இல் மத்திய உள்துறை அமைச்சகம் விற்பனைக்குத் தடை விதித்தது. பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட உருப்படிகள் பட்டியலிடப்பட்டன. வெளிநாட்டுக்குப் போனவற்றைத் திரும்பக் கேட்கச் சட்டம் கைகொடுக்கவில்லை. எதற்கும் நூறு வயதாகவில்லை. ஏழெட்டுக் கிலோ எடையுள்ள ஒரு நாற்காலிக்கு அந்த விலை தேக்குக்காகக் கிடைத்தது என்று எந்தக் கன அடிக் கணக்காலும் காட்ட முடியாது.

அது ழான்னரே, உலகறிந்த பெயர், ராமநாதபுரத்தில் யார் இருந்தார் என்று கேட்கலாம். பெயருக்காக விலை ஏறியது உண்மைதான், ஆனால் அந்த நாற்காலிகளைச் செய்த கைகளுக்குப் பெயர் இல்லை. வரைபடம் ஒன்று, பட்டறைகள் பல; அதனால்தான் ஒரே மாதிரி நாற்காலியில் கால் பருமனும் இணைப்பும் மாறுகின்றன. அதை நாடு முழுக்கப் பரவியிருந்த தச்சுத் திறமையின் சான்றாகவே நான் படிக்கிறேன். தமிழ்நாட்டு எல்லையிலேயே இன்னொரு சான்று உண்டு. புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதிக் கட்டடத்தை அன்டோனின் ரேமண்ட் வடிவமைத்தார். பிற்காலத்தில் அமெரிக்காவின் பெயர்பெற்ற மரச்சாமான் கலைஞரான ஜார்ஜ் நாகஷிமா 1937 முதல் 1939 வரை அங்கேயே தங்கி வேலையைப் பார்த்து, விடுதிக்கான மரச்சாமான்களையும் வடிவமைத்தார். அலங்காரச் செதுக்கல் இல்லாத, நேர்கோட்டுத் தேக்குச் சாமான் தமிழ் மண்ணுக்குச் சினிமா பார்த்து வந்த நாகரிகம் என்று நினைப்பவர்கள் அந்த ஆண்டுகளைக் கவனிக்கலாம். இவை எதுவும் ராமநாதபுரத்தில் நாகஷிமாவோ ழான்னரேயோ இருந்ததாகக் காட்டவில்லை. இந்தக் கரையின் சாமான்களுக்கு வேறு காரணத்தால் மதிப்பு இருக்கிறது.

அந்தக் காரணம் காலம். 1948ஆம் ஆண்டின் எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் ராமநாதபுரத்துச் சேதுபதி ஜமீனை முடித்து வைத்தது. அதன்பின் அதிகாரம் அரண்மனையிலிருந்து அலுவலகத்துக்குப் போனது. மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1947இல் தொடங்கி, 1949இல் மண்டபம் முகாமைத் தலைமையிடமாக்கிக்கொண்டு, 1971இல் கொச்சிக்குப் போகும்வரை அங்கேயே இருந்தது. 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே ஊராட்சி ஒன்றியங்கள் வந்தன, காமராஜர் ஆட்சியில் பள்ளிக்கூடங்கள் பெருகின. ஒவ்வொன்றுக்கும் மேசை, நாற்காலி, அலமாரி, பெஞ்ச் வேண்டியிருந்தது. வீடுகளில் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் சாப்பாட்டு மேசைக்கு மாறினார்கள். ரேடியோ வந்தது, அதற்கென்று ஒரு மேசை வந்தது. இலங்கை வானொலி தெளிவாகக் கேட்கும் இந்தக் கரையில் அந்த மேசைக்குக் கூடத்தில் நடு இடம். 1914 முதல் போட் மெயில் ரயிலில் தனுஷ்கோடி போய், கப்பலேறித் தலைமன்னார் இறங்கிக் கொழும்பு போகும் வழி திறந்திருந்தது. கொழும்பில் கடை வைத்திருந்தவர்களின் வீடுகளுக்கு அந்த ஊர் ரசனையும் வந்தது. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்ததோடு அந்த வழியும் உருமாறியது. அதே ஆண்டு அக்டோபரில் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி மலையகத் தமிழர்கள் திரும்பி வரலானார்கள்; மண்டபம் முகாம் அவர்களில் பலர் வந்து தங்கிய இடம். இத்தனை மாற்றங்களும் முப்பது ஆண்டுக்குள். ஜமீன் கட்டிலை எல்லோரும் போற்றிக் காப்பாற்றியிருக்கிறார்கள். அதற்குப் பின்னால் வந்த குமாஸ்தாவின் மேசையையும் வாத்தியாரின் நாற்காலியையும் காப்பாற்ற ஆளில்லை. ஆனால் இந்தக் கரை ஜனநாயகத்துக்குள் வந்த கதையைச் சொல்லக்கூடியவை இந்த மேசையும் நாற்காலியும்தான்.

அப்படியானால் எதை வைத்து அடையாளம் காண்பது? மேலே தடவிப் பார்ப்பதை விட்டுவிட்டுத் தலைகீழாகப் புரட்டுவதில் தொடங்க வேண்டும். பாலிஷ் ஏறாத அடிப்பக்கம் பொய் சொல்வது கடினம். கை ரம்பத்தால் அறுத்த பலகையில் கோடுகள் நேராக, ஆனால் இடைவெளி ஒழுங்கின்றி இருக்கும். வட்ட ரம்பம் அறுத்திருந்தால் வளைந்த கோடுகள் தெரியும். கை இழைப்புளி ஓடிய பரப்பில் விரலை வைத்தால் மெல்லிய அலை தட்டுப்படும். கால் சட்டத்தோடு சேரும் இடத்தில் ஒன்றின் முனையைச் செதுக்கி மற்றொன்றின் துளைக்குள் இறக்கி மூங்கில் ஆணி அடித்திருக்கிறார்களா, வெறும் கம்பி ஆணியா என்று பார்க்க வேண்டும். இழுப்பறையின் மூலையில் இரு பலகைகளும் விரல் கோத்தாற்போல இணைந்திருந்தால் அந்த விரல்களின் அகலம் ஒன்றுபோல இருக்கிறதா என்று கவனிக்க வேண்டும். கையால் வெட்டியது ஒன்றுபோல இராது. திருகின் தலையில் ஒற்றைக் கோடு இருந்தால் பழையதாக இருக்கலாம். பிளஸ் குறி இருந்தால் ஒன்று பின்னாளில் செய்தது, அல்லது பின்னாளில் பழுது பார்த்தது. பிளைவுட் முதுகுப்பலகை, சன்மைக்கா ஒட்டிய மேற்பலகை ஆகியவை நூற்றாண்டுப் பழமைக்கு எதிரான சான்றுகள். ஆனால் ஐம்பது அறுபதுகளுக்கு அவையே ஆதரவான சான்றுகள், கழித்துப்போட வேண்டிய குறைகள் அல்ல. பிரம்பு இருந்த இடத்தில் பிளாஸ்டிக் ஒயர் பின்னியிருந்தால் சட்டத்தின் ஓரத் துளைகளைப் பார்க்க வேண்டும்; முதல் பின்னல் எதுவென்று அவை சொல்லும். கடற்கரைச் சாமானுக்கு இன்னொரு சாட்சியும் உண்டு. உப்புக் காற்றில் இரும்பு ஆணி உள்ளேயே துருப்பிடித்து வீங்கும். அதைச் சுற்றி மரத்தில் கறுப்புக் கறை இறங்கும், சில இடங்களில் சன்னமான வெடிப்பும் விழும். மேலே சாயம் பூசிப் பழசாக்கிவிடலாம். பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைசல் புது மரத்தைக் கறுக்க வைத்துவிடும். ஆணித் துளைக்குள் ஐம்பது வருஷத் துருவை ஏற்றுவது அத்தனை சுலபமல்ல. தேய்மானம் நியாயமான இடத்தில் இருக்கிறதா என்பதும் முக்கியம். முன் குறுக்குச்சட்டத்தில் பாதம் தேய்த்திருக்கும், கைப்பிடி நுனியில் உள்ளங்கை தேய்த்திருக்கும். எல்லா இடமும் ஒரே அளவில் தேய்ந்திருந்தால் அது மனிதர் உட்கார்ந்த நாற்காலி இல்லை, உப்புத்தாள் உட்கார்ந்த நாற்காலி.

முத்திரைகளைத் தனியே சொல்ல வேண்டும். தென்னிந்திய ரயில்வே 1951 ஏப்ரல் 14 அன்று மற்ற இரு ரயில்வேக்களோடு இணைந்து தெற்கு ரயில்வே ஆனது. எனவே ஒரு பெஞ்சிலோ நாற்காலியிலோ பழைய கம்பெனியின் எழுத்துகள் சூட்டுக்கோலாலோ பெயின்டாலோ பதிந்திருந்தால், அந்த எழுத்து உண்மையானதாக இருக்கும் பட்சத்தில், அது 1951க்கு முன்னால் கணக்கில் ஏறியது. ஒரே ஒரு தேதி. பர்மாக் கதைகள் பத்தைவிட அதற்குப் பலம் அதிகம். கடைப் பட்டயம், அலுவலகத் தளவாட எண், வீட்டு அலமாரிக்குள் மறந்து கிடக்கும் ரசீது, ரேடியோ லைசென்ஸ் புத்தகம், கல்யாணப் புகைப்படத்தில் மணமக்கள் உட்கார்ந்திருக்கும் அதே நாற்காலி ஆகியவை சாமானோடு சேர்ந்திருக்கும் வரைக்கும்தான் சான்று. சாமான் ஒரு வண்டியிலும் காகிதம் குப்பையிலும் போனபின் இரண்டுக்கும் மதிப்பில்லை. சென்னை மவுண்ட் ரோட்டில் 1898 முதல் இயங்கிய கர்சன் கம்பெனி போன்ற பெயர்பெற்ற நிறுவனத்தின் சாமான் என்று சொல்லப்படுமானாலும் இதுவே விதி, பட்டயமோ பில்லோ வேண்டும். தனுஷ்கோடிப் பெயருக்கு இன்னும் கடுமையாக இருக்க வேண்டும். அழிந்த ஊரின் பெயர் ஏறினால் எந்த நாற்காலிக்கும் விலை கூடும். ஏறியது பெயர் மட்டுமானால் அந்தக் கூடுதலுக்கு ஒரு பைசாவும் கொடுக்கக்கூடாது. இறந்தவர்களின் துயரத்தை வைத்து விலை ஏற்றுவது என்ற வகையில் இதில் கொஞ்சம் அருவருப்பும் இருக்கிறது.

பழையதைச் சுரண்டிப் புது பாலிஷ் போட்டால்தானே வாடிக்கையாளர் வாங்குகிறார் என்பது கடைக்காரர்களின் வாதம். வாங்குகிறார், சந்தேகமில்லை. ஆனால் இதுவரை சொன்ன சான்றுகளில் பாதி அந்த ஒரு நாள் வேலையில் போய்விடுகிறது. அந்தக் காலத்துப் பூச்சு பெரும்பாலும் ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு. மறைவான இடத்தில் பஞ்சில் ஒரு சொட்டு ஸ்பிரிட் தொட்டு வைத்தால் அது இளகிப் பிசுபிசுக்கும். இன்றைய பாலியூரித்தேன் பூச்சு அசையாது. அரக்குப் பூச்சுக்கு இன்னொரு வசதி, அதே அரக்கை மேலே தேய்த்தே சீர்செய்துகொள்ளலாம், சுரண்டவே வேண்டியதில்லை. இயந்திரத்தால் தேய்த்து எடுக்கும்போது முத்திரை, இழைப்புளித் தடம், தேய்மானம் எல்லாம் சேர்ந்து போய், சாமான் வயதற்றுப் போகிறது. தேர்ந்த சேகரிப்பாளர் அதற்குக் குறைவான விலையே கொடுப்பார். ஆடும் காலை இறுக்குவது, பிய்ந்த பிரம்பை அதே மாதிரி பின்னுவது, பூச்சி அரித்த துண்டை மாற்றி, மாற்றியதை மறைக்காமல் சொல்வது ஆகியவை பழுதுபார்ப்பு. மற்றவை அழிப்பு.

இதற்கு நேரெதிரான இன்னொரு தவறும் இப்போது பரவுகிறது, அதையும் விட்டுவிட முடியாது. சாய்ந்த கூம்புக் கால் நான்கு கண்டதும் கைபேசியில் வெளிநாட்டு விலையைத் தேடி, தன் வீட்டு மேசையும் அதே லட்சம் பெறும் என்று நம்புவது. தேடும்போது தெரிவது கேட்கும் விலை. யாரோ கொடுத்த விலை அல்ல. டென்மார்க்கில் பெயருள்ள பட்டறையின் எண்ணிட்ட சாமானுக்கும், அதன் படத்தை எங்கோ பார்த்து மதுரையிலோ பரமக்குடியிலோ ஒருவர் செய்ததற்கும் சந்தை ஒன்றல்ல. சண்டிகர் நாற்காலிக்கே போலிகள் குவிந்து, தளவாட முத்திரையையும் போலியாகப் போட்டு விற்கும் நிலை வந்துவிட்டது. நான் சொல்லும் மதிப்பு அந்தக் கனவு விலை அல்ல. பெரும்பாலான சாமான்களுக்கு நியாயமான விலை, அதே தரத்தில் புதிதாகச் செய்ய ஆகும் கூலியையும் பொருட்செலவையும் கணக்கிட்டு, தேவைப்படும் பழுதுச் செலவைக் கழித்து வருவதே. வேலை நேர்த்தியும் மாறாத நிலையும் இருந்தால் அதற்கு மேல் கொஞ்சம். எங்கே, எப்போது, யாருக்காகச் செய்தது என்பதற்கு எழுத்துச் சான்று இருந்தால் இன்னும் கொஞ்சம். மரம் கடைசியில் வரட்டும், அதுவும் தோதகத்தியாக இருந்தால் கவனத்தோடு. 2017 முதல் அந்தப் பேரினம் முழுவதும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருப்பதால் வெளிநாட்டு வாங்குபவரைக் காட்டி விலை பேசுவது அவ்வளவு எளிதல்ல. இப்படிக் கணக்கிட்டால் சில சாமான்களுக்கு இன்று கிடைப்பதைவிடப் பல மடங்கு வரும். சிலவற்றுக்கு, உத்திரக்கட்டையைப் போலக் கனத்த வேலைப்பாடற்ற தேக்கு சோபாக்களுக்கு, இன்று கேட்பதைவிடக் குறைந்தே வரும். அளவுகோல் நேர்மையானதென்றால் இரண்டு பக்கமும் வெட்டத்தானே வேண்டும்.

மதிப்பைச் சொல்லிக்கொடுத்தால் வீடுகள் இன்னும் வேகமாகக் காலியாகாதா என்ற அச்சமே எனக்கும் தொந்தரவு தரும் ஆட்சேபம். செட்டிநாட்டில் வீடு வீடாகக் கதவும் தூணும் கழற்றப்பட்டது மதிப்புத் தெரிந்த பிறகுதான் என்று சொல்வார்கள். ஆனால் அங்கே யாருக்கு மதிப்புத் தெரிந்தது? வாங்கியவருக்கு. விற்றவர் கன அடிக் கணக்கிலேயே இருந்தார். சண்டிகரிலும் ஏலம் விட்ட அதிகாரிக்குத் தெரியாதது ஏலம் எடுத்தவருக்குத் தெரிந்திருந்தது. அறிவு ஒரு பக்கம் மட்டும் இருக்கும்போதுதான் ஊர் காலியாகிறது. வைத்திருப்பவருக்கும் தெரிந்தால் சிலர் விற்பார்கள், நியாய விலைக்கு. பலர் திண்ணைக்கோ கூடத்துக்கோ திரும்ப எடுத்துப் போட்டுப் புழங்குவார்கள். பிரம்பு பின்னுபவருக்கும் தச்சருக்கும் வேலை கிடைக்கும். தெரியாமல் வைத்திருப்பதால் எதுவும் காப்பாற்றப்பட்டதாக இந்தக் கரையில் சான்று இல்லை; மொட்டை மாடிகளில் மழையில் நனைந்து உளுத்துக்கொண்டிருப்பவையே அதற்குச் சாட்சி.

ஆகவே கேட்டுக்கொள்வது இரண்டு. மாவட்டத்தின் பள்ளிகள், ஒன்றிய அலுவலகங்கள், ரயில் நிலையங்கள், ஆராய்ச்சி நிலையங்கள் எதுவானாலும், பழுதான தளவாடங்களைக் கழிவு ஏலத்துக்கு அனுப்பும் முன்னால் 1975க்கு முற்பட்ட ஒவ்வொரு உருப்படியையும் மேலும் கீழும் புகைப்படம் எடுத்து, முத்திரையையும் தளவாட எண்ணையும் ஒரு பதிவேட்டில் எழுதட்டும். ஒவ்வொரு வகையிலும் ஒன்றையாவது நிறுத்தி வைக்கட்டும். அதற்குச் சட்டத் திருத்தம் வேண்டாம், நிதியும் பெரிதாக வேண்டாம், ஒரு சுற்றறிக்கை போதும். வீட்டுக்காரர்கள் தரகரை வரச் சொல்வதற்கு முந்திய நாள் அந்த மேசையைப் புரட்டிப் போட்டு அடிப்பக்கத்தைப் பார்த்துவிடுங்கள். வருகிறவர் 'பர்மாவா?' என்று கேட்டால், இருக்கும் சான்றைக் காட்டி, அதற்கு என்ன விலை தருவீர்கள் என்று கேளுங்கள்.